ஜெனரலின் ஆகஸ்ட் மாதம்

மேஜர் ஜெனரல் டெரிக் ஆஸ்கமின் வாழ்க்கை கோபாலசாமியிடம் மூன்று அளவில் இருந்தது. அமைச்சகத்துக்கு அனுப்ப நான்கு பக்கத்தில் ஒன்று. விழா மலர்களில் அச்சடிக்க அரைப் பக்கத்தில் ஒன்று. மைக்கைப் பிடித்து, 'இவரைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை' என்று சொல்லிவிட்டுப் பிறகு சொல்லத் தொடங்குகிற ஆட்களுக்காக நாற்பது வார்த்தையில் ஒன்று. துணிக்கடைக்காரரைப் போல, யார் வந்து கேட்டாலும் அளவைப் பார்த்து எடுத்துக் கொடுத்துவிடுவார்.

பதினாறு வருடமாக அபுதாபியில் அவர் ஜெனரலின் செக்ரட்டரி. பிரிட்டிஷ் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த ஜெனரல், ஊருக்கு வெளியே இருந்த ஓர் அதிகாரிகள் கல்லூரிக்கு ஆலோசகர். ஆலோசகருக்கு ஓர் அறை, அறைக்கு வெளியே ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் கும்பகோணத்துக் கோபாலசாமி. டைப் அடிப்பார், டைரி பார்ப்பார், ஜெனரலின் மனைவி இறந்த பிறகு வண்டியும் ஓட்டினார். சாண்ட்ஹர்ஸ்ட், அயர்லாந்தில் இரண்டு தடவை, ஜெர்மனியில் டாங்கிப் படை, தொண்ணூற்றொன்றில் குவைத் யுத்தம், போஸ்னியா, லண்டனில் மேசை உத்தியோகம், இரண்டு நட்சத்திரப் பதவி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை தப்பாமல் சொல்வார். அவருடைய சொந்தக் கல்யாண நாளை மட்டும் வருடா வருடம் மனைவி வசந்தகுமாரிதான் நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

போன ரமலானுக்குப் பிறகு ஜெனரலுக்கு மறதி ஆரம்பித்தது. முதலில் ஆட்களின் பெயர் போனது. எழுபது வயதில் யாருக்குத்தான் போகாது என்று கோபாலசாமி விட்டுவிட்டார். பிறகு வீட்டுக்குப் போகிற வழி போனது. வண்டி ஓட்டுவது தாம்தானே என்று அதையும் விட்டுவிட்டார். மே மாதம் ஒரு காலையில் போஸ்னியா முழுசாகக் காணாமல் போயிற்று. ஒன்றரை வருடம் ஒரு படையையே நடத்திய இடத்தை ஜெனரல் மேப்பில் தேடிக்கொண்டிருந்தார். "இங்கே நான் போயிருக்கிறேனா, கோபால்?" என்று கேட்டார். கோபாலசாமி எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார். அன்று சாத்திய கதவை அதன் பிறகு அவர் யாருக்கும் முழுதாகத் திறந்து வைக்கவில்லை.

டாக்டரிடம் அழைத்துப் போயிருக்கலாம். கல்லூரியில் சொல்லியிருக்கலாம். கனடாவில் இருந்த மகனுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். மூன்றையும் அவர் யோசித்தார், மூன்றையும் செய்யவில்லை. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்று நம் ஊரில் சொல்வார்கள். வளைகுடாவில் யானைக்கு காண்ட்ராக்ட் உண்டு. காண்ட்ராக்ட் முடிந்தால் யானைக்கு ஒரு கேடயம், பாகனுக்கு விசா கேன்சல். ஜெனரலின் காண்ட்ராக்ட் செப்டம்பர் கடைசியில் முடிகிறது. கோபாலசாமியின் மகள் மஹதி பன்னிரண்டாம் வகுப்பு, மார்ச்சில் பரீட்சை. முசாஃபாவில் அவர்கள் இருந்த ஃபிளாட்டும் மஹதியின் பள்ளிக்கூடமும் அலுவலகம் கொடுத்தவை. விசா போனால் வீடு போகும், வீடு போனால் பள்ளி போகும், பன்னிரண்டாம் வகுப்பின் நடுவில் எந்த ஊரிலும் எந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளாது. ஐம்பத்தைந்து வயது டைப்பிஸ்டுக்கு விசா கொடுக்க வேறு கஃபீல் கிடைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஆகவே அவர் ஜெனரலுக்கு ஜெனரலின் வாழ்க்கையைப் பாடம் நடத்தத் தொடங்கினார்.

காலை ஏழரைக்கு இருவரும் அலுவலகம் வந்துவிடுவார்கள். ஒன்பது வரைக்கும் கதவு சாத்தியிருக்கும். நான்கு பக்க வாழ்க்கையை வைத்துக்கொண்டு கோபாலசாமி வாய்ப்பாடு மாதிரி கேட்பார். எழுபத்து நான்கு? சாண்ட்ஹர்ஸ்ட். எழுபத்தேழு? அயர்லாந்து. அந்த ரெஜிமென்டின் கர்னல் யார்? ஜெனரல் கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பார். சில நாள் எல்லாம் வரும், சில நாள் சாண்ட்ஹர்ஸ்டைத் தாண்டாது. மனிதர் கோபப்பட்டதே இல்லை. தோற்ற நாளில், "நாளைக்கு நன்றாகச் செய்கிறேன்" என்பார். இரண்டு நட்சத்திர ஜெனரல் தன்னிடம் அப்படிச் சொல்வதைக் கேட்க கோபாலசாமிக்கு முதல் வாரம் கூச்சமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

இந்தப் பாடத்தில் ஒரு பொத்தல் இருந்தது. தொண்ணூறு ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது ஜெனரல் வெறும் மேஜர். விடுப்பில் ஸ்காட்லாந்து போய் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த மாதத்துக்கு நான்கு பக்கத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. ஜூலையிலிருந்து செப்டம்பருக்குத் தாவ வேண்டும். பாடம் அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் ஜெனரல் தாவ மாட்டார், நின்றுவிடுவார்.

"ஆகஸ்டில் நான் மீன் பிடித்தேன். நீ எங்கே இருந்தாய், கோபால்?"

"குவைத்தில் சார்."

"அந்த ஆகஸ்டிலா? எப்படி வெளியே வந்தாய்?"

இப்படி ஒரு கேள்வியை முப்பத்து நான்கு வருடத்தில் ஒருவரும் அவரிடம் கேட்டதில்லை என்று சொல்ல முடியாது. எல்லோரும் கேட்டார்கள். ஜோர்டானில் அம்மான் வழியாக வந்தேன், அரசாங்கம் விமானம் விட்டது என்று சொல்லி முடித்துவிடுவார். வசந்தகுமாரிக்கும் அவ்வளவுதான் தெரியும். அன்று காலை மட்டும், எதிரே இருப்பவர் நாளைக்குள் மறந்துவிடுவார் என்ற தைரியத்தில், மிச்சத்தையும் சொன்னார்.

அப்போது அவருக்கு இருபத்தோரு வயது. குவைத்தில் ஃபர்வானியா என்கிற பகுதியில் ஒரு ரூமில் ஏழு பேர். பக்கத்துக் கட்டில் ராக்கப்பன் என்கிற கொத்தனார், திருப்புவனத்துக்காரர், பதினைந்து வயது மூத்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவார். இருவருமாகப் பஸ்ஸிலும் லாரியிலும் நடந்தும் ஈராக்கைக் கடந்து ஜோர்டான் எல்லைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கோபாலசாமியின் பெட்டியையும் சேர்த்து அண்ணன்தான் சுமந்தார். எல்லையில் நடுப் பாலைவனத்தில் கூடாரம் போட்டிருந்தார்கள். தண்ணீர் லாரி வந்தால் அடிதடி. ஆறாவது நாள் அண்ணனுக்கு வயிற்றுப்போக்கு. எட்டாவது நாள் எழுந்திருக்க முடியவில்லை. "தம்பி, கண்ண அசத்துது. பஸ் வந்தா எழுப்பிவிடு" என்று சொல்லிவிட்டுத் தூங்கினார். மத்தியானம் பஸ் வந்தது. லிஸ்டில் இரண்டு பெயரும் இருந்தன. பெயரைக் கூப்பிடும்போது ஆள் கதவருகே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த பெயர். கூடாரம் முந்நூறு அடி தள்ளி. போய் எழுப்பித் தூக்கி வருவதற்குள் தன் பெயரும் போய்விடும் என்று கோபாலசாமி நின்றார். முதலில் தன் பெயரைக் கூப்பிட்டார்கள், ஏறிவிட்டார். அடுத்து ராக்கப்பன் என்று மூன்று தடவை கூப்பிட்டார்கள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் சாயங்காலம் அண்ணன் இறந்துபோனதையும், அங்கேயே மணலில் புதைத்ததையும் பின்னால் வந்த ஒருவர் அம்மானில் சொன்னார். அண்ணனின் மனைவி சுந்தராம்பாள் விலாசம் தேடி ஒரு கடுதாசி போட்டாள். கோபாலசாமி பதில் எழுதவில்லை.

ஜெனரல் மேப்பில் குவைத்திலிருந்து ஜோர்டான் வரைக்கும் விரலால் கோடு இழுத்தார். பிறகு, "எழுப்பியிருக்க வேண்டும்" என்றார்.

"ஆமாம் சார்."

மறுநாள் காலை பாடம் அதே இடத்துக்கு வந்தது. ஜெனரல் அதே போல நின்று, அதே கேள்வியைக் கேட்டார். கோபாலசாமி முதலிலிருந்து மறுபடியும் சொன்னார். அன்றைக்குத் தீர்ப்பு வேறு. "இரண்டு பேர் சாவதைவிட ஒருவன் பிழைத்தது சரி. நானாக இருந்தாலும் ஏறியிருப்பேன்" என்றார் ஜெனரல். அடுத்த நாள் தீர்ப்பே இல்லை, கூடாரத்தில் நிழல் இருந்ததா என்று மட்டும் கேட்டார். இப்படியே ஜூன் போயிற்று, ஜூலை போயிற்று. கோபாலசாமி தினம் தூக்கில் தொங்கினார், தினம் விடுதலையானார். ஓட்டைப் பானையில் எவ்வளவு ஊற்றினால் என்ன என்றிருந்தது. முதல் வாரம் பஸ் வருகிற இடத்தில் நிறுத்தி, எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். நாற்பதாவது தடவை சொல்லும்போது அவர் பாட்டுக்கு ஸ்டேப்ளரில் பின் போட்டுக்கொண்டே சொன்னார். சொல்லிச் சொல்லி அந்த இடம் மரத்துப்போயிருந்தது. மரத்துப்போனதில் அவருக்கு நிம்மதிதான்.

செப்டம்பர் பதினெட்டாம் தேதி ஜெனரலின் உரை. புதிதாகச் சேர்ந்த பயிற்சி அதிகாரிகளுக்கு, 'என் ராணுவ வாழ்க்கையிலிருந்து ஒரு பாடம்.' வருடா வருடம் நடப்பதுதான். ஆனால் இந்த வருடம் முதல் வரிசையில் கல்லூரி நிர்வாகத்தைச் சேர்ந்த கர்னல் ராஷித் மடியில் ஒரு ஃபாரத்தை வைத்துக்கொண்டு உட்காருவார் என்றும், கிழவர் இன்னும் தேறுவாரா என்று பார்த்து எழுதப்போகிறார் என்றும் அலுவலகத்தில் பேச்சு. கோபாலசாமி பத்தொன்பது அட்டை தயார் செய்தார். கொட்டை எழுத்தில் அட்டைக்கு மூன்று வரி. முதல் வரிசை ஓரத்தில் தண்ணீர் பாட்டிலோடு தாம் உட்கார்ந்துகொள்வது, ஜெனரல் தடுமாறினால் தண்ணீர் கொடுக்கிற சாக்கில் மேடைக்குப் போய் அடுத்த வார்த்தையைக் காதில் போட்டுவிட்டு வருவது என்று ஏற்பாடு.

ஆறு அட்டை வரைக்கும் கல்யாண ஊர்வலம் மாதிரி போயிற்று. சாண்ட்ஹர்ஸ்ட் வந்தது, அயர்லாந்து இரண்டு தடவையும் வந்தது. ஒரு பழைய ஜோக்குக்குப் பையன்கள் சிரித்தார்கள். ஏழாவது அட்டை ஜெர்மனி. ஜெனரல் அதைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். அட்டைகளை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"தொண்ணூறு ஆகஸ்டில்" என்றார், "நான் குவைத்தில் இருந்தேன்."

கோபாலசாமி பாட்டிலோடு எழுந்தார். கர்னல் ராஷித் திரும்பிப் பார்த்ததும் கோபாலசாமி உட்கார்ந்துவிட்டார்.

"ஃபர்வானியாவில் ஓர் அறை. ஏழு பேர். என்னிடம் சீருடை இல்லை. வெளியேறுகிற கூட்டத்தில் நானும் ஒருவன். என் பக்கத்துக் கட்டிலில் இருந்தவன் ஒரு கொத்தனார். என் பெட்டியை அவன்தான் சுமந்தான்."

சட்டியில் இருப்பதுதானே அகப்பையில் வரும். அயர்லாந்தும் போஸ்னியாவும் லண்டனும் ஒழுகிப்போன சட்டியில், தினம் ஒரு கை என்று கோபாலசாமி போட்டதெல்லாம் அடியில் அப்படியே தங்கியிருந்திருக்கிறது. ஒரு வார்த்தை தவறவில்லை. தண்ணீர் லாரி வந்தது, ஆறாவது நாள் வந்தது, எட்டாவது நாள் வந்தது. "பஸ் வந்தால் என்னை எழுப்பு என்றான்" என்று ஜெனரல் சொன்னபோது கர்னல் ராஷித்தின் பேனா நின்றது. முந்நூறு அடி என்றார். மூன்று தடவை கூப்பிட்டார்கள் என்றார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்றார். கோபாலசாமி சொல்லும்போது அது குற்றமாக இருந்தது. ஆறடி உயரத்தில், வெள்ளைத் தலையோடு, நெஞ்சில் பதக்கத்தோடு ஒருவர் நின்று சொல்லும்போது பாடமாகிவிட்டது.

"உங்கள் கையில் நாளைக்கு லிஸ்டுகள் வரும்" என்று ஜெனரல் முடித்தார். "பெயர் கூப்பிடுவதற்கு முன்னால், யார் தூங்கிக்கொண்டிருக்கிறான் என்று ஒரு தடவை போய்ப் பாருங்கள். நான் பார்க்கவில்லை."

பையன்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். வெகுநேரம் தட்டினார்கள். கோபாலசாமியும் தட்டினார், எல்லோரும் தட்டும்போது செக்ரட்டரி மட்டும் சும்மா நிற்க முடியுமா? தமக்கு இப்போது என்ன தோன்ற வேண்டும் என்று அவர் யோசித்துப் பார்த்தார். கோபம் வர வேண்டும், அல்லது அழுகை வர வேண்டும். இரண்டுக்கும் காத்திருந்தார். மண்டபத்து ஏ.சி. குளிர்தான் தெரிந்தது.

கர்னல் ராஷித் மேடைக்குப் போய் ஜெனரலின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. தம் மாமா ஒருவர் அந்த ஆகஸ்டில் குவைத்தில் காணாமல் போனார் என்றும், அதைப் பற்றி வீட்டில் யாரும் பேச மாட்டார்கள் என்றும் சொன்னார். பிறகு கீழே வந்து கோபாலசாமியைத் தனியாக அழைத்தார்.

"இது அவருடைய பயோடேட்டாவில் இல்லையே?"

கோபாலசாமியின் நாக்கு அவரைக் கேட்காமலே பேசியது. "இத்தனை வருடமாக யாரிடமும் சொன்னதில்லை சார். எழுதவும் விட்டதில்லை."

சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. யாருடைய உண்மை என்று கர்னல் கேட்கவில்லை.

"சேர்த்துவிடுங்கள். கல்லூரி மலரில் முழு உரையையும் போடுகிறோம்." கர்னல் கொஞ்சம் தயங்கினார். "இன்னொன்று. அந்த மனிதர், அந்தக் கொத்தனார். அவர் பெயர் வேண்டும். மலரில் முதல் பக்கத்தில் அவர் பெயரைப் போடலாம் என்று நினைக்கிறேன். பயிற்சி முடிந்து போகும் நாளில் அந்தப் பெயரை வாசித்து எல்லோரும் ஒரு நிமிடம் நிற்கலாம். அவருக்கு யாரும் அதைச் செய்திருக்க மாட்டார்கள், இல்லையா?"

இதற்குள் ஜெனரலும் மேடையிலிருந்து இறங்கி வந்துவிட்டார். கர்னல் அவரிடமே கேட்டார். ஜெனரல் நெற்றியைத் தடவினார். உதடு அசைந்தது. ஒன்றும் வரவில்லை. பிறகு முகம் தெளிந்து, வீட்டுச் சாவி எங்கே என்று கேட்டால் காட்டுகிற மாதிரி, கையைக் காட்டினார்.

"கோபாலுக்குத் தெரியும்."

கர்னல் திரும்பினார். மண்டபத்தில் நாற்காலிகளை மடக்கி அடுக்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ராக்கப்பன் என்று சொன்னால் அது தமிழ்ப் பெயர். தமிழ்க் கொத்தனாரோடு ஒரே அறையில் பிரிட்டிஷ் மேஜர் எப்படி இருந்தார் என்று கேட்பார்கள். செக்ரட்டரியும் தமிழாள்தானே, நீ அந்த வருடம் எங்கே இருந்தாய் என்று கேட்பார்கள். லண்டனுக்கு ஒரு கடிதம் போகும். ஸ்காட்லாந்தும் மீனும் வெளியே வரும், கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாக மறதியும் வெளியே வரும். இவ்வளவும் கோபாலசாமிக்கு நொடியில் தெரிந்தது. பஸ் கதவருகே நின்றபோதும் இப்படித்தான் எல்லாம் சுத்தமாகக் கணக்காகத் தெரிந்தது.

"எனக்கும் தெரியாது சார்" என்றார். "அந்த மனிதர் பெயரை ஜெனரல் சொன்னதே இல்லை. பெயர் தெரியாது என்றே போட்டுவிடலாம்."

"பரிதாபம்" என்றார் கர்னல். ஃபாரத்தில் எழுதிக்கொண்டார்.

வண்டியில் ஜெனரல் பின்னால் உட்காராமல் முன்னால் வந்து உட்கார்ந்தார். களைத்திருந்தார். வெளியே நாற்பத்து மூன்று டிகிரி. கோபாலசாமி ஏ.சி.யைக் கூட்டினார். பாலம் தாண்டியதும் ஜெனரல் கேட்டார்.

"நன்றாகப் பேசினேனா?"

"ரொம்ப நன்றாகப் பேசினீர்கள் சார்."

"எதைப் பற்றி?"

"உங்கள் ராணுவ வாழ்க்கையைப் பற்றி சார்."

ஜெனரல் தலையை ஆட்டினார். பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டார். பிறகு, காலைப் பாடம் மத்தியானத்துக்கு நீண்டுவிட்டதுபோல, "ஆகஸ்டில்" என்று ஆரம்பித்தார். "அந்த ஆகஸ்டில் நீ எங்கே இருந்தாய், கோபால்?"

கோபாலசாமி கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, லேன் மாற்றினார்.

"ஊரில் சார். கும்பகோணத்தில். வேலை இல்லாமல் சும்மா இருந்தேன்."

"அதிர்ஷ்டசாலி" என்றார் ஜெனரல்.

மூன்று அளவையும் அவர் அன்று சாயங்காலமே திருத்தினார். நான்கு பக்கத்தில் ஆறு வரி சேர்ந்தது. அரைப் பக்கத்தில் இரண்டு வரி. நாற்பது வார்த்தைதான் தகராறு செய்தது. எங்கே நுழைத்தாலும் நாற்பத்தாறு ஆயிற்று. எதையாவது எடுத்தாக வேண்டும். போஸ்னியாவை எடுத்தார், எப்படியும் அது ஜெனரலிடம் இல்லை. படித்துப் பார்த்தார். எழுத்துப் பிழை இல்லை. அனுப்பிவிட்டுக் கம்ப்யூட்டரை மூடினார். பத்து நாளில் அமைச்சகத்திலிருந்து கடிதம் வந்தது: காண்ட்ராக்ட் இரண்டு வருடம் நீட்டிப்பு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வசந்தகுமாரி அவியலும் ரசமும் வைத்து, சேதி நல்ல சேதி என்பதால் ஒரு பாயசமும் வைத்திருந்தாள். மஹதி சாப்பிட்டுவிட்டு ஃபிசிக்ஸ் புத்தகத்தோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கல்லூரிக்காரர்கள் ஜெனரலின் உரையை வீடியோவாகப் போட்டிருந்தார்கள். மஹதியின் பள்ளி குரூப் வரைக்கும் அது வந்துவிட்டது.

"ஏங்க, உங்க ஜெனரல் பேசுனத நானும் பாத்தேன்" என்றாள் வசந்தகுமாரி, சோறு போட்டுக்கொண்டே. "அவரு பேசற இங்கிலீஷ் எனக்கு எங்க புரியுது, மஹதிதான் நிறுத்தி நிறுத்திச் சொன்னா. தூங்கறவன எழுப்பாம விட்டுட்டு பஸ் ஏறிட்டாராமே?"

"ம்."

"நீங்களும் அந்தப் பக்கமாத்தான வந்தீங்க தொண்ணூறுல?"

"ஆயிரக்கணக்குல வந்தாங்க."

"நீங்க இருந்த எடத்துல இந்த மாதிரி ஒண்ணும் நடக்கலையே?"

கோபாலசாமி ரசம் ஊற்றிய சோற்றைப் பிசைந்தார். சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. நாற்பது தடவைக்கு மேல் சொன்னதுதானே, வாய்க்குப் பழக்கம்தானே. ஆனால் இவள் மறக்கிறவள் இல்லை.

"இல்ல" என்றார்.

வசந்தகுமாரி எதிரே உட்கார்ந்தாள். அவளுக்கு மனசு ஆறவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "எல்லாரும் எந்திரிச்சு நின்னு கை தட்டறாங்க. எதுக்குத் தட்டறாங்கன்னே எனக்குப் புரியல. தைரியமா ஒத்துக்கிட்டாராம்! முப்பது வருஷம் கழிச்சு ஒத்துக்கிட்டா ஆச்சா? பெட்டிய தூக்கிட்டு வந்த மனுசன் அவன். பேருகூடத் தெரியாதாம். ஒரே ரூம்ல படுத்து எந்திரிச்சவன் பேரு எப்படிங்க தெரியாம போகும்? அவனுக்கும் ஒரு பொண்டாட்டி இருந்திருப்பா. இன்னைக்கு வருவான் நாளைக்கு வருவான்னு வாசலப் பாத்துட்டு உக்காந்திருப்பா."

"இருக்கும்."

"பதினாறு வருஷமா அந்தாளுகூட வண்டியில போறீங்க, வரீங்க. எப்படிங்க அவருக்குச் சோறு எறங்குது?"

கோபாலசாமி இலையைப் பார்த்தார். வெட்கம் இப்போதாவது வரும் என்று எதிர்பார்த்தார். சொந்தப் பெண்டாட்டி நேரே உட்கார்ந்து கேட்கிறாள், இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்? வரவில்லை. வராததைப் பார்த்து அவருக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. பயமாவது இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டார்.

"எறங்குது" என்றார்.

வசந்தகுமாரி மகளின் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பாவிதான். ஆனா நல்லா இருக்கட்டும். மார்ச்சுல இவ பரீட்சை முடியற வரைக்கும் அந்தப் பாவிக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாது. உப்பிலியப்பனுக்கு வேண்டிக்கிட்டிருக்கேன்."

"ஒண்ணும் ஆகாது" என்றார் கோபாலசாமி.

அவள் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, அதையும் சாப்பிட்டார்.